பழைய லேண்ட் குரூசரில் வி8 என்ஜின்: சில வருடங்கள் ஓட்டிய பிறகு

வண்டி டொயோட்டா லேண்ட் குரூசர் எஃப்ஜே60. 1980களின் முதல் பாதியில் வந்தது. அதில் இருந்தது 2எஃப் என்ஜின், 4.2 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரக் கார்புரேட்டர். இப்போது அந்த இடத்தில் இருப்பது ஜெனரல் மோட்டார்ஸின் எல்எம்7, 5.3 லிட்டர் வி8, அதாவது வி வடிவில் எட்டு சிலிண்டர். 1999 முதல் 2007 வரை அவர்களுடைய பிக்கப்களிலும் எஸ்யூவிகளிலும் லட்சக்கணக்கில் போன என்ஜின். மாற்றிய புதிதில் இதை எழுதியிருந்தால் முழுக்கப் புகழாரமாக இருந்திருக்கும், அப்போது ஆக்சிலரேட்டரை மிதித்தாலே சிரிப்பு வந்துவிடும். அந்தப் புதுமை அடங்கி, கசிய வேண்டியது கசிந்து, தேய வேண்டியது தேய்ந்த பிறகுதான் இந்த மாற்றத்தில் எது லாபம், எது தலைவலி என்று பிரித்துப் பார்க்க முடிந்தது.

முதலில் 2எஃப் பற்றி ஒரு வார்த்தை. அது மோசமான என்ஜின் கிடையாது. சுமார் 135 குதிரைத்திறன், அதுவும் 3600 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு). ஆனால் அதன் உச்ச டார்க் (சுழற்றும் விசை) 1800 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். அதாவது கல்லும் மண்ணுமான பாதையில் நடை வேகத்தில் ஏறுவதற்கென்றே செய்த என்ஜின். பிரச்சினை நெடுஞ்சாலையில்தான். இரண்டு டன்னை ஒட்டிய வண்டி, காற்றை எதிர்த்துத் தள்ளும் பெட்டி உடம்பு, நீளமான ஏற்றம் வந்தால் மூன்றாவது கியர், பின்னால் லாரிக்காரர் லைட் அடிப்பார். அப்புறம் கார்புரேட்டர். வெயிலில் நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் மக்கர் பண்ணும். என் வண்டியில், அணைத்த பிறகும் கார்புரேட்டரைக் குளிர வைக்கத் தொழிற்சாலையே ஒரு குட்டி விசிறி வைத்து அனுப்பியிருந்தது. பக்கவாட்டில் சாய்ந்து நின்றாலோ ஐடில் (மிதிக்காதபோது என்ஜின் ஓடும் ஓட்டம்) தடுமாறி அணைந்துவிடும்.

வி8 என்றதும் இந்தப் பழைய வண்டி தாங்குமா, முன்பக்கம் கனத்துவிடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். எல்எம்7-இன் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இறக்கி வைத்த 2எஃப்தான் இரண்டில் கனமானது. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஒன்றே ஒன்று, அதுவும் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் என்ஜினின் அகலமும் குறைவு. தலைக்கு மேல் இரட்டை கேம்ஷாஃப்ட் வைத்த வி8கள் பல, லிட்டர் கணக்கில் சிறியவையாக இருந்தாலும், ஹெட்டின் அகலத்தால் ஸ்டீயரிங் பாக்ஸோடு முட்டும். பானட்டைத் திறந்தால் எஃப்ஜே60-இல் எல்எம்7 தொழிற்சாலையிலேயே வைத்த மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறது. திறன் ஆண்டைப் பொறுத்து 270 முதல் 295 குதிரைத்திறன் வரை. பழையதைப்போல் இரண்டு மடங்கு.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என்ஜினை மட்டும் தனியாக வாங்காதீர்கள். ஒரே வண்டியிலிருந்து என்ஜின், கியர்பாக்ஸ், கம்ப்யூட்டர், வயரிங், ஆக்சிலரேட்டர் பெடல் எல்லாம் சேர்ந்த செட்டாக எடுங்கள். தொடக்க காலத்து எல்எம்7-களில் பெரும்பாலும் கேபிள் திராட்டில் (என்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் கதவு), பின்னால் வந்தவற்றில் மின்னணு திராட்டில். மின்னணு வகையில் பெடல், அதற்கான மாட்யூல், கம்ப்யூட்டர் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் வேலை செய்யும். ஒன்றை ஒரு வண்டியிலும் இன்னொன்றை வேறொரு வண்டியிலும் எடுத்தால் அந்தப் பொருத்தத்தைத் தேடியே நாள் போய்விடும். திருட்டுத் தடுப்பு வசதியையும் கம்ப்யூட்டரில் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்துவிடும்.

என்ஜினோடு வந்த 4எல்60இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பின்னால் அடாப்டர் போட்டு, முன் பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டொயோட்டாவின் சொந்த டிரான்ஸ்ஃபர் கேஸைப் பொருத்தினோம். இதனால் ஸ்பீடோமீட்டர் கேபிள் பழையபடியே ஓடுகிறது. ஆனால் கம்ப்யூட்டருக்கு வேகம் மின்துடிப்பாகத் தெரிய வேண்டும், அது தெரியாவிட்டால் கியர் மாறும் நேரமெல்லாம் கண்டபடி இருக்கும். அதற்குத் தனி சென்சார் வைக்க வேண்டியிருந்தது. என்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான ஆயில் பேனையும் மாற்ற வேண்டும். பிக்கப்பில் வரும் ஆழமான பேன், முன் ஆக்சில் மேலே எழும்பும்போது அதில் இடிக்கும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டும் நீளம் மாறும். இதெல்லாம் செய்தவுடன் முடிந்துவிடுகிற வேலைகள், பிறகு நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

நினைத்துக்கொண்டே இருக்கிற விஷயம் இறக்கம். ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், இறங்குவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பழைய நாலு கியர் பெட்டியில் முதல் கியரின் விகிதம், டிரான்ஸ்ஃபர் கேஸின் மெதுவான லோ ரேஞ்ச் 1.96, ஆக்சிலில் இருக்கும் டிஃபரன்ஷியல் 3.70, மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 26 வரும், எண் கூடினால் என்ஜினின் பிடியும் கூடும். செங்குத்தான இறக்கத்தில் கிளட்சை விட்டுவிட்டு பிரேக்கில் கால் வைக்காமலே இறங்கலாம், என்ஜினே பிடித்துக்கொள்ளும். 4எல்60இ-யின் முதல் கியர் 3.06. அதே கணக்குப் போட்டால் 22 சொச்சம்தான். எண்ணில் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இடையில் கிளட்சுக்குப் பதிலாக ஆயில் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் இருக்கிறதே, அது வழுக்கும். இறுகப் பிடித்த பிடி என்ஜினுக்குக் கிடைப்பதில்லை, வண்டி தானாக வேகம் எடுக்கும், கால் பிரேக்கிலேயே இருக்கும். முதல் மலைப்பயணத்தில் பிரேக் வாசனை வந்தபோதுதான் இது உறைத்தது. அப்புறம் ஆக்சிலில் 4.11 விகிதத்துக்கு மாறினேன், அடுத்த மாடலான எஃப்ஜே62-இல் வந்த விகிதம் அது. கணக்கு 24.6க்கு ஏறியது. இறக்கத்தில் நிலைமை பரவாயில்லை, ஆனால் பழைய பிடி திரும்பவில்லை, அதை ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். பாறைகளுக்கு நடுவில் அங்குலம் அங்குலமாக ஊர்வதுதான் உங்கள் பொழுதுபோக்கு என்றால் ஆட்டோமேட்டிக்கை விட்டுவிட்டு மேனுவல் பெட்டிக்கு அடாப்டர் தேடுங்கள்.

ஏற்றத்தில் அதே கன்வர்ட்டர் உதவிக்கு வருகிறது. நின்ற இடத்திலிருந்து மெல்ல மிதித்தால் டார்க் பெருகி, சத்தமே இல்லாமல் ஏறிவிடுகிறது. எல்எம்7-இன் உச்ச டார்க் 4000 ஆர்பிஎம்மில்தான் வரும். இருந்தாலும் தாழ்ந்த ஆர்பிஎம்மிலும் அது 2எஃப்பைவிடக் குறைச்சலாக இழுக்கிற மாதிரி எனக்குத் தோன்றியதில்லை. பக்கவாட்டில் எவ்வளவு சாய்ந்தாலும் ஐடில் அசையாமல் நிற்பது தனி சுகம்.

சூடு. இதைப் பற்றி மட்டும் தனியாக ஒரு பதிவு எழுதலாம். பெரிய அலுமினிய ரேடியேட்டர் போட்டாகிவிட்டது, இரண்டு மின்விசிறி போட்டாகிவிட்டது, நெடுஞ்சாலையில் முள் அசையவே இல்லை. ஆனால் மணலில் லோ ரேஞ்சில் மெதுவாக ஊர்ந்தால் மேலே ஏற ஆரம்பிக்கும். ரேடியேட்டர் சிறிதோ, தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டதோ என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடைசியில் குற்றவாளி ஷ்ரவுட், அதாவது ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் நடுவில் காற்றை வழிநடத்தும் கூடு. விசிறியின் வட்டத்துக்கு நேரே இருக்கும் பகுதி வழியாக மட்டும் காற்று போய்க்கொண்டிருந்தது, மூலைகள் சும்மா கிடந்தன. ரேடியேட்டரின் முழு முகத்தையும் மூடி, ஓரத்தில் இடைவெளியே இல்லாமல் ஷ்ரவுட் செய்து போட்டதும் பாதிப் பிரச்சினை போனது. மீதிப் பாதி கியர் ஆயில். ஆட்டோமேட்டிக்கில் கன்வர்ட்டர் வழுக்கும்போதெல்லாம் சூடு உண்டாகும், அந்தச் சூடு ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் வழியாகத் தண்ணீருக்கே போய்ச் சேரும். தனியாக ஒரு ஆயில் கூலர் வைத்து, கியர் ஆயிலுக்கென்று ஒரு வெப்பமானியும் வைத்த பிறகு நிம்மதி. என்ஜின் முள்ளைவிட இப்போது அந்த முள்ளைத்தான் அதிகம் பார்க்கிறேன். இன்னொன்று, இந்த வகை என்ஜினில் ஹெட்டின் மேல்பகுதியிலிருந்து ஆவி வெளியேற ஒரு சின்ன குழாய் உண்டு. அதை அடைத்துவிட்டால் உள்ளே காற்று தங்கும். அதை ரேடியேட்டரின் மேல் தொட்டிக்குக் கட்டாயம் இணைக்க வேண்டும்.

பெட்ரோல் பம்ப் கதை கொஞ்சம் நீளம், சுருக்கிச் சொல்கிறேன். கார்புரேட்டருக்கு மிகக் குறைந்த அழுத்தம் போதும், இதற்கு 58 பிஎஸ்ஐ, அதாவது ஏறத்தாழ 4 பார் வேண்டும். முதலில் சேசிஸில் வெளிப்புற பம்ப் ஒன்றை மாட்டித் தந்தார்கள். டேங்க் பாதிக்குக் கீழே போனதும் செங்குத்து ஏற்றத்தில் பெட்ரோல் பின்னால் ஓடிவிடும், பம்ப் காற்றை உறிஞ்சும், என்ஜின் திணறும். வண்டிக்குள் எப்போதும் வண்டு ரீங்காரம் வேறு. பிறகு டேங்கைக் கழற்றி உள்ளேயே பம்ப் வைத்து, அதைச் சுற்றித் தடுப்புத் தகடும் வைத்தாயிற்று. பெட்ரோலிலேயே மூழ்கி இருப்பதால் பம்ப்புக்கும் குளிர்ச்சி, காதுக்கும் அமைதி. நேராக இதையே செய்யச் சொல்வேன்.

சக்தி கூடக் கூட வண்டியில் அடுத்து எது பலவீனமோ அது தானாக முன்னுக்கு வரும். முதலில் வந்தது பிரேக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், அதெல்லாம் 135 குதிரைக்கு அளவெடுத்தது. வண்டியின் எடை கூடவில்லையே, பிரேக் ஏன் போதவில்லை என்று கேட்கலாம். எடை கூடவில்லை, ஓட்டுகிற வேகம் கூடிவிட்டது, வேகம் இரட்டித்தால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நாலு மடங்கு. முன்னால் பெரிய காலிப்பரும் டிஸ்க்கும், நல்ல பேடும் போட்டேன். அடுத்து புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டான யூ-ஜாயின்ட், அப்புறம் சஸ்பென்ஷன் புஷ். லீஃப் ஸ்பிரிங் வண்டி என்பதால், நின்ற இடத்தில் அழுத்தி மிதித்தால் பின் ஆக்சில் முறுக்கிக்கொண்டு எழும்புவது தெரியும். அதனால் அப்படி மிதிப்பதில்லை, அவ்வளவுதான்.

மைலேஜ். வி8 என்றால் குடிக்கும் என்று பயமுறுத்தினார்கள். கார்புரேட்டர் காலத்தில் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் தொடுவதே பாடு, இப்போது நெடுஞ்சாலையில் 6க்கும் 7க்கும் நடுவில் வருகிறது. காரணம் எளிது. 100 கிலோமீட்டர் வேகத்தில் பழைய என்ஜின் 2500 ஆர்பிஎம்மில் கத்திக்கொண்டிருக்கும், இப்போது 0.70 ஓவர்டிரைவில் (கடைசி கியர்), 4.11 ஆக்சிலோடும் 2000ஐ ஒட்டித்தான். பக்கத்தில் இருப்பவரோடு குரல் உயர்த்தாமல் பேச முடிகிறது, நாள் முழுக்க ஓட்டினாலும் அசதி இல்லை, எனக்கு 285 குதிரையைவிடப் பெரிய லாபம் இதுதான். ஊருக்குள் ஓட்டினால் மைலேஜ் பழைய நிலைக்கே வந்துவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

காகித வேலை நாட்டுக்கு நாடு மாறும். பல இடங்களில் முன் அனுமதி வேண்டும், பதிவுச் சான்றில் என்ஜின் எண் மாற வேண்டும், சில இடங்களில் வண்டியைவிடப் பழைய என்ஜின் வைக்கவே கூடாது. கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் ஆக்ஸிஜன் சென்சார்களையும் எடுத்து எறியாமல் முழு செட்டாக வைத்துக்கொண்டால் புகைச் சோதனை பெரிய விஷயமே இல்லை. இன்ஷூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், விபத்து நடந்த பிறகு இதைப் பற்றி வாதாடும் நிலை வரக்கூடாது.

பராமரிப்பில் எல்எம்7-க்கே உரிய இரண்டு விஷயங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் பின்கோடி போல்ட்டுகள் உடையும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்து, சூடேறியதும் நின்றால் அங்கே பாருங்கள். இரண்டாவது, என்ஜினுக்குள் எழும் தட்டல் ஓசையை உணரும் நாக் சென்சார்கள், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் பள்ளத்தில் இருக்கின்றன. மேலே தண்ணீர் அடித்துக் கழுவினால் அங்கே தேங்கித் துருப்பிடிக்கும். பானட்டுக்குள் பிரஷர் வாட்டர் அடிக்க நான் விடுவதில்லை. வெளியூர் போகும்போது கிராங்க் சென்சார் ஒன்று, பெல்ட் ஒன்று, பெட்ரோல் பம்ப் ரிலே ஒன்று, கம்ப்யூட்டரின் பிழைக் குறியீட்டைப் படிக்கும் சின்னக் கருவி, இவை எப்போதும் வண்டியில் இருக்கும். பழைய கார்புரேட்டருக்கு ஸ்க்ரூடிரைவர் போதும், இதற்கு இந்தக் கருவி இல்லாமல் ஆளில்லாத இடத்துக்குப் போகாதீர்கள்.