2 போல்ட்டா 3 போல்ட்டா? ஆறு வருஷமா ரெண்டையும் மிதிச்சவன் சொல்றேன்

போன மாசம் ஒரு ராத்திரி, எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) ஷூவ தலைகீழா மடியில வச்சுக்கிட்டு க்ளீட் போல்ட் ஒண்ணோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன், க்ளீட்னா ஷூவோட அடியில போல்ட் போட்டு மாட்டுற துண்டு, சைக்கிள் பெடல் அதத்தான் பிடிச்சுக்கும். அந்த நேரம் பார்த்து கூட வேலை பாக்குற தம்பி மெசேஜ் அனுப்புறான், "அண்ணே, க்ளிப்லெஸ் பெடல் போடலாம்னு இருக்கேன், ரோடு ஷூ வாங்கவா எம்டிபி ஷூ வாங்கவா"ன்னு, கூடவே ரெண்டு ஷூ போட்டோ. கையெல்லாம் துருவும் எண்ணெயுமா இருந்த நேரம், என்ன எழுதினாலும் கோவமாத்தான் வந்திருக்கும், அதனால "இரு, அப்புறம் சொல்றேன்"னு மட்டும் போட்டுட்டு வச்சுட்டேன். இப்ப உட்கார்ந்து முழுசா எழுதுறேன்.

என் வண்டி ரோடு பைக். முதல் ரெண்டு வருஷம் க்ளீட்ட மூணு போல்ட்ல மாட்டுற ரோடு ஷூ, அதுக்கப்புறம் நாலு வருஷம் ரெண்டு போல்ட்ல மாட்டுற எம்டிபி ஷூ. ரோடு பைக்ல எம்டிபி பெடல் மாட்டலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க, தாராளமா மாட்டலாம், கிராங்க்ல இருக்குற மரை ரெண்டுக்கும் அதே 9/16 இன்ச் தான், பெடலுக்கு அது என்ன வண்டின்னே தெரியாது. பொருந்த வேண்டியது பெடலும் க்ளீட்டும், க்ளீட்டும் ஷூவோட அடியில இருக்குற ஓட்டையும். அதனால பைக்க பாத்து முடிவு பண்ணாதீங்க.

பேர்லயே ஒரு குழப்பம் இருக்கு. கால பெடலோட மாட்டிக்கிறோம், அப்புறம் எதுக்கு க்ளிப் "இல்லாத" பெடல்னு பேரு? அந்தக் காலத்துல பெடல் முன்னாடி கூண்டு மாதிரி ஒரு டோ க்ளிப் இருக்கும், வார் போட்டு கால இறுக்கிக்குவாங்க, அது இல்லாம வந்ததால க்ளிப்லெஸ். 1984ல லுக் கம்பெனி கொண்டு வந்துச்சு, அவங்க அதுக்கு முன்னாடி பனிச்சறுக்கு பைண்டிங் செஞ்சிட்டு இருந்தவங்க, அதே யோசனைய பெடலுக்கு மாத்துனாங்க, அடுத்த வருஷமே பிரெஞ்சு ரேஸ்காரர் பெர்னார்ட் ஹினோ அதப் போட்டு டூர் டி பிரான்ஸ் ஜெயிச்சாரு. ரேஸ்காரருக்கு வண்டிய விட்டு இறங்குற வேலையே கிடையாது, அதனால அந்த க்ளீட் அடியில துருத்திக்கிட்டு இருந்தா அவருக்கு என்ன. மலைப்பாதையில ஓட்டுறவங்க அப்படி இல்ல, பாறை வந்தா இறங்கணும், சேத்துல வண்டிய தூக்கிட்டு நடக்கணும். அவங்களுக்காக 1990ல ஷிமானோ கம்பெனி எஸ்பிடின்னு ஒரு பெடல் கொண்டு வந்துச்சு, சின்ன இரும்பு க்ளீட், ரப்பர் சோலுக்குள்ள பள்ளத்துல பதிஞ்சு உக்காந்துக்கும், நடந்தா தரையில ரப்பர் தான் படும். நம்ம யாரும் ஹினோ இல்லல்ல, சிக்னல்ல நிக்கிறோம், தண்ணி பிடிக்க இறங்குறோம், படி ஏறுறோம். என் ஆறு வருஷ அனுபவமும் கடைசியில இந்த ஒரு விஷயத்துல தான் வந்து நிக்குது, கால் தரையில இருக்குற நேரம்.

ரோடு ஷூ போட்டு நடக்குறது இருக்கே, அத நினைச்சா இன்னைக்கும் எனக்கு கோவம் வருது. முன்பாதத்துக்கு அடியில தடியா ஒரு பிளாஸ்டிக் முக்கோணம், குதிகால் கீழ, விரல் மேல, எப்பவும் பின்னாடி சாய்ஞ்ச மாதிரியே நடக்கணும். மழை பெஞ்ச ஒரு காலையில டைல்ஸ் படியில ரெண்டாவது படியிலயே வழுக்கி, கைப்பிடிய புடிச்சதால தலை தப்பிச்சது, மணிக்கட்டு மட்டும் ரெண்டு வாரம் வீங்கி கெடந்துச்சு. அதோட முடியல, நடக்க நடக்க அந்த பிளாஸ்டிக் தேயும், முன் மூக்கு தேஞ்சிடுச்சுன்னா பெடல்ல சரியா பிடிக்காது, எழுந்து நின்னு மிதிக்கிறப்ப படக்குன்னு கழண்டுரும். க்ளீட் கவர்னு ஒரு ரப்பர் உறை கிடைக்கும், நல்ல பொருள் தான், ஆனா நாலு தடவ நிறுத்துனா நாலு தடவ குனிஞ்சு மாட்டிக் கழட்டணும், அஞ்சாவது தடவ பாக்கெட்லயே இருக்கும். பெடலும் ஒத்தப் பக்கம் தான். கால எடுத்தா பின்பக்கம் கனத்துல தொங்கிட்டு மூக்கு மேல பாத்து நிக்கும், அந்த மூக்க ஷூ நுனியால கீழ தள்ளிக்கிட்டே முன்னாடி அழுத்தணும், பழகிட்டா ஒரு நொடி வேலை. ஆனா பின்னாடி வண்டிங்க ஹார்ன் அடிக்கிறப்ப அந்த ஒரு நொடி வரவே வராது, பெடல் தலைகீழா சுத்திக்கும், கால் வழுக்கும்.

2 போல்ட்டுக்கு மாறுன முதல் வாரமே இதெல்லாம் போச்சு. ரெண்டு பக்கமும் மாட்டுற பெடல், குனிஞ்சு பாக்கவே வேண்டாம், கால வச்சா டக். இறங்குனா சாதாரண ஷூ மாதிரி நடக்கலாம். ஒரு தடவ டயர் பக்கவாட்டுல ஒரு விரல் நீளத்துக்கு கிழிஞ்சு போச்சு, ட்யூப் மாத்தியும் பிரயோஜனம் இல்ல, அஞ்சு கிலோமீட்டருக்கு மேல வண்டிய தள்ளிட்டே வந்தேன், கால்ல ஒரு கொப்புளம் கூட இல்ல. ரோடு ஷூவா இருந்திருந்தா சாக்ஸோட தான் நடந்திருப்பேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் அந்த ஷூவ துடைச்சு வச்சேன், அவ்வளவு நன்றி இருந்துச்சு அது மேல.

அப்புறம் எதுக்கு போல்ட்டோட மல்லுக்கட்டுனன்னு கேட்டா, அங்க தான் எம்டிபி ஷூவோட வினை. க்ளீட் பள்ளத்துல இருக்குறதால நடக்க நல்லாருக்கு, ஆனா மண்ணும் மணலும் தண்ணியும் போயி தங்குறதும் அதே பள்ளத்துல தான். போல்ட் தலையில ஆலன் கீ (ஆறு பட்டை சாவி) போற ஓட்டை சின்னது, 4 மில்லிமீட்டர், அதுல பொடிக்கல் ஏறி சிமெண்ட் மாதிரி இறுகிடும். ரெண்டே ரெண்டு போல்ட், அதுல ஒண்ணு போனா என்ன ஆகும்னு எனக்கு மூணாவது வருஷம் தெரிஞ்சுது. ஒரு சந்திப்புல நிக்கணும், வழக்கம்போல குதிகால வெளிய திருப்புறேன், கால் திரும்புது, ஆனா கழல மாட்டேங்குது. இன்னும் திருப்புறேன், ஷூ மட்டும் லூசா சுத்துது. போல்ட் ஒண்ணு எங்கயோ விழுந்துருச்சு, மிச்சம் இருந்த ஒத்த போல்ட்ட அச்சா வச்சு க்ளீட் சோலுக்கு அடியில சுத்துது, பெடல்ல இருக்குற ஸ்பிரிங்க விரிக்க எதுவுமே இல்ல. வண்டி நின்னுருச்சு, நான் அப்படியே இடது பக்கம் சாய்ஞ்சேன். முழங்கை தோல் உரிஞ்சதோட போச்சு, பக்கத்துல வண்டி எதுவும் இல்ல. இது யாருக்கு நடந்தாலும் தெரிஞ்சுக்கோங்க: கால முறுக்காதீங்க, ஷூவோட ஸ்ட்ராப்ப தளர்த்தி பாதத்த வெளிய உருவிடுங்க, ஷூ பெடல்லயே தொங்கட்டும், அப்புறம் கையால பாத்துக்கலாம். ஓட்டிட்டு இருக்கும்போதே க்ளீட் ஆடுற மாதிரி தோணுச்சுன்னா, நிறுத்துறதுக்கு முன்னாடி அந்தக் கால்ல அத செஞ்சிடுங்க.

அது என் தப்பு தான், ஒத்துக்கிறேன். மாட்டுன நாள்ல இறுக்குனதோட சரி, திரும்ப பாக்கவே இல்ல. இப்ப போல்ட் மரையில கிரீஸ் தடவாம மாட்டுறதே இல்ல, 5லேர்ந்து 6 நியூட்டன் மீட்டர் வரைக்கும் இறுக்குறேன், முதல் ரெண்டு மூணு ரைடு முடிஞ்சதும் இன்னொரு தடவ, ஏன்னா க்ளீட்டோட பல்லு சோல்ல பதிய பதிய போல்ட் தளரும். போல்ட் தலை ஓட்டையில மெழுகு உருக்கி விட்டுருவேன், மண் ஏறாது, கழட்டணும்னா ஊசியால நோண்டுனா வந்துரும்.

இந்த ஞானமெல்லாம் வர்றதுக்கு முன்னாடி மாட்டுன இன்னொரு ஷூ ஒண்ணு இருந்துச்சு, போன மாசம் அழுதது அத வச்சுத்தான். க்ளீட் தேஞ்சு ஆட ஆரம்பிச்சுது, மாத்தலாம்னு உக்காந்தா முன் போல்ட் வந்துருச்சு, பின் போல்ட் அசையல. ஊசியால மண்ண நோண்டி எடுத்தேன், ஆலன் கீய கொஞ்சம் சாய்ச்சு அழுத்திட்டேன் போல, வழுக்குன்னு சுத்துச்சு, உள்ள இருந்த ஆறு முனையும் மழுங்கி வட்டமாயிடுச்சு. அந்த வழுக்கல் கையில தெரிஞ்ச நொடி இருக்கே, வயிறு கலங்கிடும். வெளிப்பக்கமா புடிக்கலாம்னா பிளையர் போறதுக்கு இடமில்ல, ரெண்டு பக்கமும் ரப்பர் பல்லு மறிக்குது. துரு இளக்குற எண்ணெய் விட்டு ராத்திரி பூரா ஊற வச்சேன், அடுத்த நாள் அந்த ஓட்டைய விட ஒரு இழை பெரிய டார்க்ஸ் பிட்ட (நட்சத்திர முனை) சுத்தியலால அடிச்சு இறக்கி, உடம்பு வெயிட்ட எல்லாம் அது மேல போட்டு மெதுவா திருப்புனேன். கட்டுன்னு ஒரு சத்தம். உடைஞ்சிருச்சுன்னே நினைச்சேன், இல்ல, கழண்டுருச்சு. மரை பூரா செந்துரு.

புது க்ளீட் வர மூணு வாரம் ஆச்சு. அதுவரைக்கும் ஓட்டாம இருக்க முடியுமா, பழைய ரோடு ஷூவையும் பெடலையும் வெளிய எடுத்தேன். நாலு வருஷத்துக்கு அப்புறம் முதல் ரைடு, 90 கிலோமீட்டர், திரும்பி வந்து ஷூவ கழட்டுறப்பதான் உறைச்சுது, பாதம் எரியல. எம்டிபி ஷூல 60 தாண்டுனா வலது முன்பாதத்துக்கு நடுவுல ஒரு காசு அளவுக்கு சூடா எரிய ஆரம்பிக்கும், ஷூக்குள்ளயே விரல மடக்கி மடக்கி ஓட்டுவேன், அது சைக்கிள் ஓட்டுனா வர்றது தானேன்னு இருந்துட்டேன். பெடல் சின்னது, க்ளீட் சின்னது, என் ஷூ சோலும் கொஞ்சம் வளையிற ரகம், மொத்த அழுத்தமும் ஒரே இடத்துல குவிஞ்சிருக்கு. சோல் நல்லா விறைப்பா இருக்குற எம்டிபி ஷூவா இருந்தா இவ்வளவு இருக்காது, அதையும் சொல்லிடணும். ஆனா ரோடு க்ளீட்டோட அகலம் பாதத்த ஒரு பலகை மேல வச்ச மாதிரி தாங்குது, மிதிக்கிறது அப்படியே சக்கரத்துக்கு போற மாதிரி ஒரு அமைதி. ஏத்தத்துல எழுந்து நின்னப்ப எனக்கு கண்ணே கலங்கிடுச்சு, பொய் சொல்லல.

தம்பிக்கு என்ன சொன்னேன்னா, நீ 2 போல்ட் வாங்கு. யோசிக்கவே வேண்டாம். ஆஃபீஸ் போவ, கடைக்கு போவ, நடப்ப. எஸ்பிடியிலயே ஷிமானோ எஸ்எச்51, எஸ்எச்56ன்னு ரெண்டு க்ளீட் இருக்கு, 51 குதிகால பக்கவாட்டுல திருப்புனா மட்டும் கழலும், 56 மேல் பக்கமா வெடுக்குன்னு இழுத்தாலும் கழலும், பயம் போற வரைக்கும் 56 போடு. பெடல் பின்னாடி இருக்குற ஸ்க்ரூவ தளர்த்தி டென்ஷன குறைச்சு வை. சுவத்த புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு காலும் அம்பது தடவ மாட்டிக் கழட்டு, அப்புறம் ரோட்டுக்கு போ. நிக்கிறதுக்கு முன்னாடியே கால எடுத்துடு, நின்ன பிறகு இல்ல. ஷூவ சாயங்காலம் போட்டுப் பாத்து வாங்கு, பாதம் கொஞ்சம் வீங்கி இருக்கும், அதுதான் ரைடுல இருக்குற சைஸ்.

"பின்னாடி ரோடு க்ளீட்டுக்கு மாறுனா கலர்லாம் ஒண்ணு தானே அண்ணே"ன்னு கேட்டான், நல்ல வேளை கேட்டான். மாட்டுன பிறகு கால் பக்கவாட்டுல எவ்வளவு அசையும்ங்கிறதத்தான் கலர் சொல்லுது, ஷிமானோவுல சிவப்புன்னா கால் துளியும் அசையாது, நீலம் 2 டிகிரி, மஞ்சள் 6 டிகிரி. லுக் கம்பெனியோட கியோ க்ளீட்டுல சிவப்பு தான் அதிகம், 9 டிகிரி, சாம்பல் 4.5, கருப்பு அசையாது. ஒரே சிவப்பு, நேர் எதிர் அர்த்தம், தெரியாம மாட்டுனா முழங்கால் தான் பலி. ஒண்ணு இன்னொண்ணுல மாட்டவும் மாட்டாது. பெடல் மாத்துனா சீட் உயரத்தையும் பாக்கணும், பெடல் ஷூ ரெண்டும் சேர்ந்து சில மில்லிமீட்டர் வித்தியாசம் வரும், முழங்காலுக்கு அது போதும்.

அவன் வாங்கிட்டான், 2 போல்ட் தான், சந்தோஷமா ஓட்டுறான். எனக்கும் புது க்ளீட் வந்துச்சு, கிரீஸ் போட்டு, அளவா இறுக்கி, மெழுகு விட்டு, ஷூ கதவு பக்கத்துல ரெடியா இருக்கு. போன ஞாயித்துக்கிழமை காலையில பெடல் மாத்தலாம்னு ஸ்பேனர எடுத்தேன், இடது பக்கம் மரை தலைகீழ், ஸ்பேனர் மேல பாத்து இருக்குறப்ப பின் சக்கரத்துப் பக்கமா திருப்பணும்னு நினைவுபடுத்திக்கிட்டு ஸ்பேனர மாட்டவும் செஞ்சேன். 2 போல்ட்னா நடக்க நல்லாருக்கும், வழுக்காது, சீக்கிரம் தேயாது, எல்லாம் தெரியும், தம்பிக்கு நானே தான் சொன்னேன். ஆனா அந்த 90 கிலோமீட்டர் கால்லயே இருக்கு. ஸ்பேனர எடுத்து திரும்ப டப்பாவுல போட்டுட்டு, ரோடு ஷூவ மாட்டிக்கிட்டு, கைப்பிடிய புடிச்சுக்கிட்டே படி இறங்குனேன்.