ஓஎல்இடி லேப்டாப்: 18 மாதம் கழித்து

போன வாரம் பழைய லேப்டாப்புக்கு ஸ்கிரீன் மாற்றிக்கொண்டு வந்தேன். பார்த்த நண்பர், "உங்ககிட்டதான் ஓஎல்இடி இருக்கே, இதுக்கு எதுக்குச் செலவு? நானும் ஓஎல்இடிதான் வாங்கப் போறேன்" என்றார். அவருக்குச் சொன்ன பதில்தான் இது. ஓஎல்இடி என்றால் பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிற திரை.

என் தொழில் கல்யாணப் பத்திரிகை டிசைன். பகலில் அச்சகம், இரவு பத்து மணிக்கு மேல் வீட்டில் புரூஃப் திருத்தம். பழைய 15.6 அங்குல லேப்டாப்பில் இருந்தது ஐபிஎஸ் என்கிற எல்சிடி வகைப் பேனல், ஆனால் நிற வீச்சு குறைவு: என்டிஎஸ்சி என்ற அளவுகோலில் 45% மட்டும். ஐபிஎஸ் என்றால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. உண்மைதான், ஆனால் அந்த நிறமே தப்பாக இருந்தால் என்ன செய்வது? எஸ்ஆர்ஜிபி என்பது கணினித் திரைகளுக்கான பொதுவான நிற வரம்பு; அந்த நிறங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் அந்தப் பேனல் காட்டும். அரக்கு நிறம் வைத்தால் வெளிறிய செங்கல் மாதிரித் தெரியும். போதவில்லை என்று சிவப்பைக் கூட்டுவேன். அச்சில் கண்ணைக் குத்தும். ஒரு தடவை 500 பத்திரிகையைக் கைக்காசில் திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

அதற்காகத்தான் 14 அங்குல ஓஎல்இடி வாங்கினேன். 2880-க்கு 1800 பிக்சல். வாங்கியதும் செட்டிங்கில் போய் எஸ்ஆர்ஜிபி மோடுக்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லா நிறமும் மிகையாகத் தெரியும். மாற்றியபின் அரக்கு அரக்காகவே இருந்தது. நிறத்தைவிட என்னை அசத்தியது புள்ளி. ஆமாம், மெய்யெழுத்தின் புள்ளி. 'சுற்றமும் நட்பும் சூழ' என்பதில் ற் மேல் புள்ளி விட்டுப்போயிருந்தால் பழைய திரையில் சின்ன எழுத்தில் கண்டுபிடிக்கவே முடியாது. புள்ளியும் எழுத்தும் ஒட்டிக்கொண்டு ஒரே தீற்றலாகத் தெரியும். இதில் ஒவ்வொரு புள்ளியும் உருண்டையாகத் தனியே நிற்கிறது. புரூஃப் பார்க்கிறவர்களுக்குத்தான் அந்த நிம்மதி புரியும்.

சரி, குறைக்கு வருகிறேன். இரண்டாவது மாதத்திலிருந்து இரவில் கண்ணுக்குப் பின்னால் ஒரு வலி. கண்ணாடி பவர் மாறியிருக்குமோ என்று சோதித்தேன், மாறவில்லை. பகலில் எத்தனை மணி நேரம் பார்த்தாலும் ஒன்றும் இல்லை. ஒருநாள் பிரைட்னஸை நன்றாகக் குறைத்துவிட்டு, வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்து, விளக்கை அணைத்து, திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டிப் பார்த்தேன். ஒரு பென்சில் விசிறி மாதிரி ஏழெட்டுத் துண்டாகத் தெரிந்தது. திரை அணைந்து அணைந்து எரிகிறது என்று அர்த்தம். குறைந்த வெளிச்சத்தில் நிறம் பிசகாமல் இருக்க, பல ஓஎல்இடி பேனல்கள் வெளிச்சத்தை இப்படித்தான் குறைக்கின்றன. பிடபிள்யூஎம் என்பார்கள். பல லேப்டாப்களில் நொடிக்கு 240 தடவை.

எல்லோருக்கும் இது வலிக்காது. என் மனைவி அதே திரையில் மணிக்கணக்கில் படம் பார்க்கிறார், ஒரு தொந்தரவும் இல்லை. சர்வீஸ் சென்டரில் பேனலில் குறை ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னது சரிதான். எனக்குக் கோபம் வேறு இடத்தில். எத்தனை நிட்ஸ் வெளிச்சம், எத்தனை சதவீத நிறம், பிக்சல் மாற 0.2 மில்லிசெகண்ட் என்று பெட்டி மேல் அத்தனையும் எழுதுகிறவர்கள், நொடிக்கு எத்தனை தடவை அணைந்து எரியும் என்பதை மட்டும் ஏன் எழுதுவதில்லை? தெரிந்திருந்தால் யோசித்து வாங்கியிருப்பேனே. பிரைட்னஸை முழுதாக வைத்துவிட்டு சாஃப்ட்வேர் மூலம் மங்கலாக்கிப் பார்த்தேன். வலி குறைந்தது, ஆனால் நிறத்தை நம்ப முடியவில்லை. நிறத்துக்காகத்தானே வாங்கினேன்!

இதற்கிடையில் பழைய லேப்டாப் திரையில் கோடு விழுந்தது. திரையை இணைக்கிற அதே 30 பின் கனெக்டரில் 100% எஸ்ஆர்ஜிபி ஐபிஎஸ் பேனல் கிடைக்கும் என்று மெக்கானிக் சொன்னார். 6,500 ரூபாய் ஆனது. கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத்தான் இருக்கிறது, புள்ளியும் அவ்வளவு கூர்மை இல்லை, பெரிதாக்கித்தான் பார்க்கிறேன். ஆனால் அரக்கு சரியாக வருகிறது, பென்சில் துண்டாகவில்லை. நேற்று இரவு ஒன்றரை மணி வரை உட்கார்ந்தேன், வலி இல்லை.

நான் பார்த்த லேப்டாப் திரைகளிலேயே சிறந்தது அந்த ஓஎல்இடிதான். இருந்தும் நண்பரிடம் வேண்டாம் என்றே சொன்னேன். வாங்கியே தீருவேன் என்றால், கடையில் பிரைட்னஸை அடி வரைக்கும் இறக்கச் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துத் திரைக்கு முன்னால் ஆட்டிப் பாருங்கள்.