ஐசன்ஹார்னா, ஹோரஸ் ஹெரசியா: எதில் தொடங்கலாம்?

பொம்மைப் படைகளை வைத்து ஆடும் மேசை விளையாட்டான வார்ஹாமர் 40,000இன் நாவல்களுக்குள் நுழைய நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வரிசைகளுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டையும் தொடங்கிவைத்தவர் எழுத்தாளர் டான் ஆப்னெட்தான்.

நீளம்
ஐசன்ஹார்ன்: 2001, 2002இல் வந்த மூன்று நாவல்கள். பிறகு 2018இல் 'தி மேகோஸ்' என்ற நான்காவது புத்தகம், அவ்வளவுதான்.
ஹெரசி: 2006இல் தொடங்கி 54 புத்தகங்கள். அப்புறம் டெரா (பூமி) முற்றுகை என்று தனி வரிசை வேறு!

கதை
ஐசன்ஹார்ன்: விசாரணை அதிகாரி ஒருவர் தானே சொல்லும் கதை. போர்க்களத்தைவிட சாதாரண மக்களின் வாழ்க்கைதான் அதிகம் கண்ணில் படும். சாத்தானை வேட்டையாட வந்தவர், கடைசியில் ஒரு சாத்தானையே மனித உடலில் கட்டிவைத்து வேலை வாங்குகிறார். ஒவ்வொரு படியிலும் அவர் சொல்லும் காரணம் நமக்கும் நியாயமாகவே படும், சுவையே அதில்தான்.
ஹெரசி: பேரரசரின் செல்லப்பிள்ளை ஹோரஸ் தந்தைக்கு எதிராகத் திரும்பும் உள்நாட்டுப் போர். வார்ஹாமர் 40,000இன் காலத்துக்கு 10,000 ஆண்டுகள் முந்தைய கதை. பெயர்கள் கொட்டிக்கொண்டே இருக்கும்.

தரம்
ஐசன்ஹார்ன்: ஒரே கை எழுதியது, சீராகப் போகும்.
ஹெரசி: பல கைகள். முதல் மூன்று விறுவிறுப்பு, நடுவில் இழுவை.

ஆட்டமே தெரியாது, நல்ல துப்பறியும் கதை போதும் என்றால் ஐசன்ஹார்ன். ஆட்டத்தின் ஸ்பேஸ் மரீன் வீரர் பொம்மைகளுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருப்பவர் என்றால் ஹெரசியின் முதல் மூன்று. அங்கேயே நிறுத்தினாலும் சரிதான்.