மடக்குத் தூளி ஸ்டாண்ட்: மரம் இல்லாத இடத்துக்கு மட்டும்

சித்திரை லீவுக்கு நம்பியூர் பக்கம் அம்மா வீட்டுத் தோட்டத்துக்குக் கிளம்பும்போது ஈரோட்டில் ஒரு கடையில் இந்த ஸ்டாண்டை வாங்கினேன். 1,850 ரூபாய். நாலு இரும்புக் குழாய்க் கால், மேலே ஒரு குறுக்குக் குழாய், நடுவில் கொக்கியும் ஸ்பிரிங்கும். மடக்கினால் கார் டிக்கியில் குறுக்காகப் படுத்துக்கொள்கிறது. பாப்பாவுக்கு ஒன்றேகால் வயது, எடை ஒன்பது கிலோ.

பாப்பாவோட அப்புச்சி, அதாவது எங்கப்பா, பார்த்ததும் கேட்டார்: "ஏனம்முணி, வாசல்ல வேப்பமரம் நிக்கறப்ப இரும்பக் காசு குடுத்து வாங்கியாந்தயா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. மரக்கிளையில் இருந்து தொங்கும் தூளிக்குக் கயிறு நீளம். ஒருமுறை தள்ளிவிட்டால் சாவகாசமாகப் போய்ச் சாவகாசமாக வரும். ஸ்டாண்டில் கொக்கிக்கும் துணிக்கும் நடுவில் இரண்டு சாண்கூட இல்லை; வெடுக் வெடுக்கென்று ஆடுகிறது. போதாததற்கு ஸ்பிரிங் வேறு மேலும் கீழும் குதிக்கிறது. பாப்பா தூங்காமல் சிரித்தாள். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் கயிறு போட்ட பிறகுதான் கண்ணைச் சொருகினாள். கிரீச் சத்தமும் அதோடு நின்றது.

கூடவே கொடுத்த துணி பாலியஸ்டர். ஜவுளிக்குப் பேர்போன ஈரோட்டில் வாங்கிய சாமானுக்கு இந்தத் துணியா! கத்திரி வெயிலில் அரைமணி நேரம் போட்டதற்கே முதுகெல்லாம் வேர்க்குரு. அம்மிச்சியின் பழைய நூல்சேலையை இரண்டாக மடித்துக் கட்டினோம்.

தோட்டத்தில் இருந்த நாலு நாளும் சேலை வேப்பமரத்துக்குப் போய்விட்டது. ஸ்டாண்டில் பெரியம்மா வீட்டுப் பையன்கள் ஈரத்துண்டு காயப்போட்டார்கள், நுங்கு தின்ற கையைத் துடைத்தார்கள். ஐந்து வயசுக்காரன் ஒருத்தன் தொங்கியே பார்த்துவிட்டான். 20 கிலோ தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறது. அவன் இறங்கியபோது குறுக்குக் குழாய் லேசாக வளைந்திருந்தது.

குலதெய்வம் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போன அன்றுதான் இதற்கு மவுசு வந்தது. மண்டபம் சிமெண்டுக் கூரை, விட்டமும் இல்லை, கொக்கியும் இல்லை. பாப்பா இரண்டு மணி நேரம் தூங்கினாள். அப்புறம் சித்தி பேரன், அவனுக்குப் பின்னால் நங்கையா மகள் என்று வரிசை கட்டினார்கள். கிரானைட் தரையில் கால் வழுக்கியது. ரப்பர் மூடி ஒன்று கழன்று எங்கேயோ உருண்டுவிட்டதால், பழைய சைக்கிள் டியூபை வெட்டி நாலு காலுக்கும் மாட்டினோம். எழுந்ததும் நிற்கப் பார்க்கிற வயது என்பதால் ஒரு ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

கடைசி நாள் கொடிவேரி. 1125-ஆம் வருசம் கட்டியது என்று சொல்லப்படும் அணைக்கட்டு. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பிரிகிற இடம். பவானி தண்ணீர் விழுகிற பக்கம் போகாமல், ஓரத்தில் கணுக்கால் ஆழத்தில் பாப்பாவை உட்காரவைத்தோம். பரிசலுக்கு அவளைக் கூட்டிப்போகவில்லை. மற்றவர்கள் வறுத்த மீனை ஒரு கை பார்த்துக்கொண்டிருக்க, நான் மணலில் ஸ்டாண்டை விரித்தேன். ஒரு கால் மட்டும் புதைந்து சாய்ந்தது. நிமிர்த்தும்போது பட்டர்ஃப்ளை நட் கழன்று மணலுக்குள் போனதுதான், ஆறு பேர் துழாவியும் கிடைக்கவில்லை. மாமா வேப்பங்குச்சியைச் சீவிச் செருகினார். அந்தக் குச்சியை நம்பிப் பிள்ளையைப் போட எனக்கு மனசு வரவில்லை. பாயில் படுத்தே தூங்கினாள்.

திரும்பும் வழியில் கோபியில் ஒரு ஹார்டுவேர் கடையில் பத்து ரூபாய்க்கு இரண்டு நட் வாங்கினேன். ஒன்று மாட்டியாகிவிட்டது. இன்னொன்று என் பர்ஸில் சில்லறையோடு கிடக்கிறது. ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறை போவதாகப் பேச்சு. டிக்கியில் ஸ்டாண்டும் இருக்கும், பாயும் இருக்கும்.