இலவச சட்ட உதவி: ராமநாதபுரம் கடற்கரையில் கட்டாயம் பயன்படுத்த வேண்டிய சேவை

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் யாரையாவது போலீஸ் பிடித்துப்போனால், வக்கீல் ஃபீஸுக்காக வீட்டார் நகையோடு அடகுக்கடைக்கு ஓடுகிறார்கள். அதற்கு முன் 15100-க்கு ஒரு போன் போடுங்கள், கட்டணமில்லை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் ஏற்பாடு செய்து தரும். காவலில் இருப்பவர், பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பே கிடையாது. வேறு சில பிரிவினருக்கும் கிடையாது, மற்றவர்களுக்கு உண்டு.

மனு வெள்ளைத்தாளில் போதும். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம். பலர் கோட்டை விடுவது நேரத்தில்தான். "நேற்று சாயங்காலம் கூட்டிப்போனாங்க" என்று எழுதாதீர்கள், "மாலை 6.40, ஜெட்டி அருகே" என்று எழுதுங்கள். அரசியலமைப்பின் 22-வது பிரிவு கைதுக்கான காரணத்தைச் சொல்லவும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவும் சொல்கிறது. நேரம் தெரியாவிட்டால் வக்கீல் எதை வைத்து வாதாடுவார்? தடுப்புக்காவல் (குற்றம் செய்யக்கூடும் என்று முன்கூட்டியே பிடித்து வைப்பது) என்றால் இந்த 24 மணிக் கணக்கு பொருந்தாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர் தயங்கவே வேண்டாம். அரசியலமைப்பின் 14 (சட்டத்தின் முன் சமம்), 21-வது (உயிர், தனிமனித சுதந்திரம்) பிரிவுகள் குடிமக்களுக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும். பேச்சு, நடமாட்டம் போன்ற சுதந்திரங்களுக்கான 19-வது பிரிவு மாதிரி சில பிரிவுகள்தான் குடிமக்களுக்கு மட்டும்.

இலங்கைக் கடற்படை பிடித்தால் அங்கே அந்நாட்டுச் சட்டம்தான் செல்லும். அப்போது படகின் பதிவு எண்ணோடு முதலில் மீன்வளத்துறைக்குப் போங்கள்.