டோக்கன் 31

முப்பத்தோராம் நம்பரைக் கூப்பிட்டபோது என் மகள் தூங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. நோட்டு வைத்திருந்தவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. "எழுப்பு சார், உள்ள வெயிட் பண்றாங்க" என்றார்.

சென்னைக்குப் போய்வந்த இந்தப் பயணத்தில் விமானம், மெட்ரோ, சிம் கார்டு எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. அதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது? பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு குழந்தைகள் பிசியோதெரபி நிலையத்தின் மர பெஞ்சில் கழிந்த இரண்டே முக்கால் மணி நேரம்தான் திரும்பி வந்து மூன்று வாரமாகியும் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

மகளுக்கு அப்போது ஐந்து மாதம். டொராண்டோவில் பிறந்தவள். ஆறாவது வாரத்தில்தான் கவனித்தோம், தலை எப்போதும் இடது பக்கம் சாய்ந்திருக்கும், முகம் வலது பக்கமே பார்க்கும். டார்டிகோலிஸ் என்றார்கள். காதுக்குப் பின்னாலிருந்து கழுத்தில் சாய்வாக இறங்கி மார்பெலும்பில் சேரும் தசை அவளுக்கு இடது பக்கம் இறுகியிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஆறப் போடக் கூடாது. அமெரிக்கக் குழந்தைகள் பிசியோதெரபி அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டியில் கணக்கே இருக்கிறது: பிறந்து ஒரு மாதத்துக்குள் பயிற்சி தொடங்கினால் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்றரை மாதத்தில் கழுத்து நன்றாகத் திரும்பிவிடும். ஒரு மாதம் தாண்டித் தொடங்கினால் ஆறு மாதம் வரை இழுக்கும். ஆறு மாதம் தாண்டிவிட்டால் ஒன்பது, பத்து மாதம். ஐந்து வார விடுமுறைக்காகப் பயிற்சியை நிறுத்த எங்களுக்குத் தைரியம் இல்லை.

டொராண்டோவில் முதல் முறை போன் செய்தபோதே கேட்டார்கள், "காலையில் எத்தனை மணிக்குத் தூங்குவாள்?" அதற்கேற்ப 10.15க்கு நேரம் கொடுத்தார்கள். பிசியோதெரபிஸ்ட் கையில் ஆல்பர்ட்டா அளவுகோல் என்று, குழந்தையின் அசைவு வளர்ச்சியைப் பார்க்கும் ஒரு தாள் இருக்கும். குப்புற, மல்லாக்க, உட்கார்ந்து, நின்று என்று 58 கோட்டுப்படங்கள். நாற்பத்தைந்து நிமிடம் தரையில் அவளோடு படுத்துப் புரண்டு அதில் குறித்துக்கொள்வார்கள்.

சென்னையில் அப்பா காலை ஆறு மணிக்குப் போய் நோட்டில் பேர் எழுதிவிட்டு வந்தார். அந்த நோட்டு எப்படி, நூல் கட்டிய பேனா எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்து மணிக்கு வரச் சொன்னார்கள், போனோம். முதல் நம்பரைக் கூப்பிடும்போது மணி 10.50.

மனைவிக்கு வயிறு சரியில்லை, நான் தனியாகத்தான் குழந்தையோடு போனேன். பெஞ்சில் என்னைத் தவிர எல்லாரும் பெண்கள். வந்த முதல் கேள்வி, "அம்மா வரலியா?" இரண்டாவது, "கவுந்துக்கிச்சா?" இல்லை. இடது பக்கமாகப் பாதி வரை புரள்வாள், அப்புறம் கழுத்து விடாது. இந்தக் கேள்வியை ஊருக்கு வந்த நாளிலிருந்து தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் பிள்ளை குப்புற விழுந்தால் கொழுக்கட்டை செய்வார்கள். அம்மா அரிசி மாவு இடித்து டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு தினமும் அவளைப் பார்த்தார். ஏதோ என் பிள்ளை வேண்டுமென்றே கொழுக்கட்டையைத் தள்ளிப் போடுகிறாள் என்பது போல.

பக்கத்தில் காசிமேட்டிலிருந்து ஒரு பாட்டி, பதினாலு மாதப் பேரனோடு. இன்னும் தனியாக நடக்கவில்லையாம். நானும் சும்மா இல்லாமல், "உலக சுகாதார நிறுவனம் டெல்லிக் குழந்தைகள் உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்துச் சொல்லியிருக்கிறது, தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம்" என்றேன். பாட்டி என்னையும் பேரனையும் மாறி மாறிப் பார்த்தார். "அத அவன்கிட்ட சொல்லு தம்பி" என்றார்.

12.35க்கு மகள் கண்ணைக் கசக்கினாள். இருபத்தெட்டு ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து நடந்தேன், சாவிக்கொத்தை ஆட்டினேன், வாசலில் நின்று ஆட்டோ காட்டினேன். இருபத்தொன்பதில் தோளில் சாய்ந்தாள். முப்பதில் வாய் திறந்து தூங்கிப் போனாள்.

"எழுப்ப முடியாதுங்க. இப்ப எழுப்பினா அரை மணி நேரம் அழுவா. அழற குழந்தைக்கு எப்படிப் பயிற்சி குடுப்பாங்க?"

"அப்ப லாஸ்ட்ல வா சார். நாப்பத்தாறுக்கு அப்புறம்."

"நாப்பத்தாறு வர்றதுக்குள்ள அவளுக்குப் பசிக்குமே."

"மூஞ்சில ரெண்டு சொட்டு தண்ணி தெளி சார். முழிச்சிக்கும்."

அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. ஐந்து மாதக் குழந்தையைத் தண்ணீர் தெளித்து எழுப்பி கழுத்துப் பயிற்சி கொடுக்கும் ஊர் உலகத்தில் எங்கே இருக்கிறது, குழந்தைக்காக நேரமா நேரத்துக்காகக் குழந்தையா என்று ஒரு மூச்சுப் பேசினேன். பாதியில் என் குரல் எனக்கே பழகிய குரலாகக் கேட்டது. ரேஷன் கடையில் அப்பா போடுகிற அதே சத்தம். நோட்டுக்காரர் கொஞ்சமும் அசையாமல், "ஃபாரினா சார்?" என்று மட்டும் கேட்டார்.

சத்தம் கேட்டு பிசியோதெரபிஸ்ட் அம்மாவே வெளியே வந்துவிட்டார். என் தோளைப் பார்த்தார். "தூங்குறாளா? நல்லதாப் போச்சு. சத்தம் போடாம உள்ள வாங்க."

உள்ளே பெரியவர்களுக்கான உயரக் கட்டில்தான், தரைவிரிப்பு இல்லை, பொம்மை இல்லை. அவளை மல்லாக்கப் படுக்க வைத்து, ஒரு கையை அவள் தோள்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, மறு கையில் தலையை ஏந்தி மெதுவாக வலது பக்கம் திருப்பினார். தாடை தோளைத் தாண்டிப் போனது. கைக்குழந்தைக்கு அப்படித்தான் போக வேண்டும், நூறு டிகிரிக்கு மேல். பிறகு இடது பக்கம். தோளுக்கு இரண்டு விரல்கடை முன்னால் நின்றுவிட்டது. அவள் விழிக்கவில்லை. டொராண்டோவில் இதை அளக்கும்போதெல்லாம் மகள் முறுக்கிக்கொண்டு அலறுவாள், கழுத்து நிற்கிறதா அவள் பிடிவாதம் நிற்கிறதா என்பது ஒவ்வொரு வாரமும் சந்தேகம்தான். "தானா திரும்பிப் பாக்குற பயிற்சிக்கு முழிச்சிருக்கணும். தசை எவ்ளோ விடுதுன்னு பாக்க தூக்கம்தான் சுலபம்" என்றார்.

அப்புறம் கேட்டார். "வீட்ல பாப்பாவை யார் அதிகம் தூக்குறாங்க? எந்தத் தோள்ல?"

யார் என்று தெரியும். என் அம்மா. எந்தத் தோள்? நினைத்துப் பார்த்தேன். அடுப்பு முன்னால் அம்மா நிற்கிறார், வலது கையில் கரண்டி. அப்படியானால் குழந்தை இடது தோளில். இடது தோளில் சாய்ந்த குழந்தை வெளியே வேடிக்கை பார்க்க வேண்டுமானால் வலது பக்கம்தான் திரும்பும். அவளுக்கு ஏற்கெனவே பிடித்த பக்கம். "வலது தோளுக்கு மாத்தச் சொல்லுங்க. வெளிய பாக்கணும்னா பாப்பா இடது பக்கம் திரும்பித்தான் ஆகணும். தூளியிலயும் தலைமாட்டை மாத்துங்க, ஆள் பேசுற சத்தம் இடது காதுப் பக்கம் வரட்டும்." தொட்டிலில் தலைமாட்டை மாற்றுவதை டொராண்டோவிலும் சொல்லியிருந்தார்கள். தூளிக்கும் அதுதானே என்று எனக்குத் தோன்றவில்லை. தோள் விஷயத்தை அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், அங்கே மாற்றி மாற்றித் தூக்க ஆள் ஏது? கார் இருக்கைதான் தூக்குகிறது.

பன்னிரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். ஐந்நூறு ரூபாய். பயிற்சிகளை எழுதிய தாள் கேட்டேன், "போன்ல வீடியோ எடுத்துக்குங்க" என்றார். இது எனக்குப் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. பாட்டுப் பாடும் பிளாஸ்டிக் பேபி வாக்கர் ஒன்றை மாமா வாங்கி வைத்திருப்பதைச் சொன்னேன். "அது அட்டைப்பெட்டியிலயே இருக்கட்டும்" என்று சிரித்தார். கனடாவில் 2004லேயே அதன் விற்பனைக்குத் தடை வந்துவிட்டது என்று மாமாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பரணில் ஏற்றிவிட்டேன்.

வீட்டில் அம்மா வலது தோளுக்கு மாறினார். கரண்டி இடது கைக்குப் போனது. முதல் நாள் ரசம் பாதி அடுப்பில். "நாலு பிள்ளையை இந்தத் தோள்லதான்டா வளத்தேன், யாருக்குக் கழுத்து கோணிச்சு?" என்றார். ஆனாலும் பழைய தோளுக்குத் திரும்பவில்லை.

அடுத்த வாரம் அப்பா ஐந்தரைக்கே போய் நாலாம் நம்பர் வாங்கினார். 11.20க்குக் கூப்பிட்டார்கள். மகள் நன்றாக விழித்து, சிரித்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த உயரக் கட்டிலில் முதுகு பட்டதும் வீறிட்டவள் நிறுத்தவே இல்லை. தலையைத் தொடவே விடவில்லை. "பத்து நிமிஷம் வெளிய உக்காருங்க. தூங்கினதும் கூட்டிட்டு வாங்க" என்றார் அந்த அம்மா.

பெஞ்சில் உட்கார்ந்து, வலது தோளில் போட்டுத் தட்ட ஆரம்பித்தேன். நோட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அஞ்சாம் நம்பரைக் கூப்பிட்டுவிட்டு, ஃபேனை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.