ஷ்மிட்டா, ஷ்மிட்ஸா? ஜெர்மன் குடும்பப்பெயர் தேடுற டிஎஃப்டி சைட் எப்படி இருக்கு

கொலோன்ல நான் குடியிருக்குற பில்டிங் வாசல்ல பெல் பட்டன் பக்கத்துல குடும்பப்பெயர் மட்டும்தான் எழுதியிருக்கும், அதுல ரெண்டு வீடு ஷ்மிட்ஸ், ஒரு வீடு ஷ்மிட், எங்க டீம்ல இருக்குற இன்னொரு ஷ்மிட் ம்யூனிக் பக்கத்துக்காரர், அவர் எழுதுறது அதுலயும் வேற ஸ்பெல்லிங். இதெல்லாம் ஒரே பேரா இல்லையான்னு ரொம்ப நாளா மண்டைய குடைஞ்சுட்டு இருந்துச்சு.

முதல்ல காசு கட்டுற ஒரு சைட்ல போய் பார்த்தேன். சிங்கம் போட்ட குடும்ப சின்னமும் வீர வம்சம்னு நாலு வரியும் வந்துச்சு, அவ்ளோதான். அந்த சின்னம்லாம் ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு சொந்தமானது, பேருக்கு சொந்தமானது இல்ல, தயவுசெஞ்சு அதுக்கு காசு அழாதீங்க.

அப்புறம்தான் டிஎஃப்டி கிடைச்சது. ஜெர்மனியோட டிஜிட்டல் குடும்பப்பெயர் அகராதி, மைன்ஸ் அறிவியல் அகாடமி 2012ல ஆரம்பிச்ச வேலை, முழுக்க ஃப்ரீ. நாமென்ஃபோர்ஷுங் டாட் நெட்ல இருக்கு. பேரை டைப் பண்ணா அர்த்தம், எந்த பக்கம் அதிகம், கூடவே மேப். அந்த மேப்தான் என்னை கட்டிப்போட்டுச்சு.

ஷ்மிட்னா கொல்லர். ஊருக்கு ஒரு கொல்லுப்பட்டறை கண்டிப்பா இருந்திருக்கும்ல, அதனாலதான் ம்யுல்லருக்கு (மாவு மில் வெச்சிருந்தவர்) அடுத்து நாட்டுலயே ரெண்டாவது அதிகமான பேர் இது. ஆனா ஸ்பெல்லிங்க பார்த்தே ஊரை சொல்லலாம். கடைசில டெல்லி டி, டோக்கியோ டி ரெண்டும் சேர்ந்து வந்தா பெரும்பாலும் வடக்கு, கிழக்கு. ரெண்டு டோக்கியோ டி வந்தா ரைன்லாண்ட்-ஃபால்ஸ், ஸார்லாண்ட், ஃப்ராங்கோனியா பக்கம். டெல்லி டி மட்டும்னா தெற்கு, பவேரியா, ஸ்வாபியா. ஷ்மிட்ஸ்னா எங்க கொலோன், ஆஹன் ஏரியாவேதான், "ஷ்மிட்டோட மகன்"ங்கற மாதிரி வர்ற உடைமை உருபு அந்த ஸ். சான்சலரா இருந்த ஹெல்முட் ஷ்மிட் ஹாம்பர்க்ல பிறந்தவர், வடக்கு ஸ்பெல்லிங். விமானம் டிசைன் பண்ண வில்லி மெஸ்ஸர்ஷ்மிட் குடும்பம் ஃப்ராங்கோனியாவுல இருக்குற பாம்பெர்க், அங்க ரெண்டு டோக்கியோ டி, கரெக்டா பொருந்துது பாருங்க! மெஸ்ஸர்னா கத்தி, அதாவது கத்தி அடிக்குற கொல்லர்.

இத்தனை ஸ்பெல்லிங் இன்னும் கலந்து ஒண்ணாகாம நிக்குறதுக்கு காரணம் பதிவு ஆபீஸ். 1876 ஜனவரி 1ல இருந்து முழு ஜெர்மனிலயும் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாத்தையும் அரசாங்கமே பதிய ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி பாதிரியார் காதுல விழுந்த மாதிரி எழுதிட்டு இருந்த பேரெல்லாம் அதோட அப்படியே உறைஞ்சுபோச்சு.

ரெண்டு விஷயம் மனசுல வெச்சுக்கோங்க. விளக்கமெல்லாம் ஜெர்மன்லதான், பி1 லெவல் (நடுத்தர அளவு ஜெர்மன்) இருந்தா தட்டுத்தடுமாறி படிச்சிடலாம். எண்ணிக்கை 2005 லேண்ட்லைன் கனெக்‌ஷனை வெச்சு எடுத்தது, அதனால அதை தலைக்கணக்குன்னு நினைக்காதீங்க, ஒரு போனுக்கு ஒரு வீடு. ஆனா எந்த ஊர்ல அடர்த்தின்னு பார்க்க அந்த டேட்டா அருமையா போதும்.

எனக்கு புல்லரிச்ச இடம் வேற. 1500கள்ல படிச்சவங்க நிறைய பேர் தங்களோட பேரை லத்தீன்ல மாத்திக்கிட்டாங்க, கொல்லருக்கு லத்தீன்ல ஃபாபர், அதுல இருந்து ஃபாப்ரிசியுஸ். 1779ல சென்னை வேப்பேரில அச்சான தமிழ்-ஆங்கில அகராதி இருக்கே, அதை போட்டவர் ஜெர்மன் பாதிரியார் யோஹான் ஃபிலிப் ஃபாப்ரிசியுஸ். அந்த அகராதியில எத்தனையோ தடவை வார்த்தை தேடியிருக்கேன், அந்த பேருக்குள்ளயும் ஒரு ஷ்மிட் இருக்காருன்னு இத்தனை வருஷம் தெரியாது.

ரேட்டிங் 5க்கு 4.5. அடுத்து ம்யுல்லர் மேப் பார்க்க உட்காரப்போறேன்.